வாரம் ஒரு சந்திராஷ்டமம்

ஜூன் 5, புதன்

இந்த வீட்டில் எனக்கென்று மிச்சம் இருப்பது இந்த டைரி ஒன்றுதான். மருந்துக் கம்பெனிக்காரர்கள் எங்கள் லேபுக்கு வருஷா வருஷம் கொடுப்பது. பிரசவத்துக்கு வரும்போது பெட்டியின் அடியில் போட்டுக்கொண்டு வந்தேன். மற்றதெல்லாம் அம்மா கையில். நான் எப்போது குளிப்பது, எதைத் தின்பது, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பது என்பது வரைக்கும். கோயம்புத்தூரில் என் கீழே ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். சங்கரன்கோவிலில் ஒரு டம்ளர் மோர் குடிக்க எனக்கு உத்தரவு கிடையாது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ. பாப்பாவுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. நான் இன்னும் பச்சை உடம்புக்காரியாம். காதில் பஞ்சு, தலையில் துண்டு. கொளுத்துகிற வெயிலில் ஃபேனை இரண்டுக்கு மேல் வைக்கக் கூடாது. அம்மா எங்கள் அறையிலேயே பாய் போட்டுப் படுக்கிறாள். கதவை உள்பக்கம் தாழ்ப்பாளும் போட்டுக்கொள்கிறாள். காற்று வராமல் நான் வேகிறேன். "திருட்டுப் பயமா இருக்குட்டி" என்கிறாள். இந்தத் தெருவில் கடைசியாகத் திருட்டுப் போனது யார் வீட்டுக் கோழியோ.

ஜூலை எட்டாம் தேதி திங்கட்கிழமை நான் வேலையில் சேர வேண்டும். லேபுக்குப் புதுக் கிளை ஒன்று திறக்கிறார்கள். அதற்கு என்னைப் பொறுப்பாகப் போடுவதாகப் பேச்சு. தேதி தள்ளினால் அது இன்னொருத்திக்குப் போய்விடும் என்று மேனேஜர் நயமாகச் சொல்லிவிட்டார். அம்மாவிடம் சொன்னேன். "பாப்போம்" என்றாள். இந்தப் 'பாப்போம்' எனக்குத் தெரியும். என்னை ஸ்கூல் டூருக்கு அனுப்பாத வருஷமெல்லாம் இதைத்தான் சொன்னாள்.

ஜூன் 7, வெள்ளி

காலையில் இந்த வீட்டில் ஒரு பூஜை நடக்கும். சாமிக்கு அல்ல, காலண்டருக்கு. அம்மா தேதித்தாளைக் கிழித்துக்கொண்டு வந்து அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பாள். ராகு காலம் இத்தனை மணிக்கு, சூலம் இந்தத் திசையில், சந்திராஷ்டமம் இந்த நட்சத்திரத்துக்கு. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து பொடி எழுத்து தெரியாது. வாசித்து முடித்த பிறகுதான் காபி.

இரும்புக்கடை நடத்திய காலத்திலும் அப்பா இப்படித்தான். ஆணி வாங்க வருகிறவனைக்கூட எமகண்டம் முடியட்டும் என்று வாசலில் நிற்க வைத்தவர். போன வருஷம் கடையைக் கைமாற்றிவிட்டார். இப்போது பகல் முழுக்க அந்த ஹால் நாற்காலியில்தான் இருக்கிறார். நான் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். இதையெல்லாம் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூன் 9, ஞாயிறு

புளிக்கு இன்னும் அனுமதி இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

இந்த வீட்டில் நெளியாத தட்டு ஒன்று கிடையாது. என் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஆறு எவர்சில்வர் தட்டு எடுத்துக் கொடுத்தேன். நல்ல கனமான தட்டு. ஆறும் விளிம்பு மடங்கிக் கிடக்கிறது. "கொஞ்சம் பதமாப் பொழங்கக் கூடாதாம்மா?" என்றேன். "கை தவறிருது" என்றாள். ஒன்று தவறலாம். ஆறுமா?

அப்பாதான் ஆச்சரியம். என் சின்ன வயதில் அவர் கடையிலிருந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டால் நான் அவசரமாகப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்வேன். கோபக்காரர்தான். யார் வீட்டு அப்பா கோபப்படவில்லை? இப்போது பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு "ராசாத்தி, ராசாத்தி" என்று உருகுகிறார். தும்மல் வந்தால்கூட வாசலுக்குப் போய்த் தும்முகிறார்.

"பாத்தியாம்மா, அப்பா எப்படி மாறிட்டாங்க" என்றேன்.

பாப்பாவின் துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே, "ஆமா, பிள்ளை இருக்குல்ல" என்றாள் அம்மா. ஒரு மனுஷரை நல்லவர் என்று சொல்லக்கூட அவளுக்கு வாய் வராது.

ஜூன் 14, வெள்ளி

இன்றைக்கு அப்பாவின் சதய நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம். சந்திரன் எட்டாம் இடத்துக்கு வரும் நாளாம். அன்றைக்குப் புதுக் காரியம் தொடங்கக் கூடாது, யாரோடும் வாக்குவாதம் கூடாது, கோபம் ஆகவே ஆகாது, மீறினால் தன் தலைக்கே வந்து விடியும். காலையில் அம்மா வாசித்ததுமே அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டார். சாயங்காலம்தான் வந்தார். வந்தும் வாயைத் திறக்கவில்லை.

அம்மா இன்று நன்றாக இருந்தாள், அதையும் எழுத வேண்டும். உளுந்தவடை சுட்டாள். எனக்கும் இரண்டு கொடுத்தாள், பத்தியம் எங்கே போயிற்றோ. கொல்லையில் காலை நீட்டி உட்கார்ந்து, தான் பாவாடை சட்டை போட்ட வயதில் குளத்தில் தாமரைக்கொடி சுற்றிக்கொண்ட கதையைச் சொன்னாள். இப்படி ஒரு அம்மாவை உள்ளே வைத்துக்கொண்டு ஏன் தினமும் என்னோடு மல்லுக்கு நிற்கிறாள் என்று தெரியவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

சண்டை. கிளம்பும் தேதியைக் குறிக்கலாம் என்றேன். "இது நாலாம் மாசம். ரெட்டைப்படையில பிள்ளையை அனுப்பக் கூடாது" என்றாள்.

"ஜூலை ரெண்டாந்தேதி அஞ்சு பொறந்துரும்ல? அதுக்கப்புறம்தானே போறேன்."

"அப்புறம் ஆடி வந்துரும்."

"ஆடி பொறக்கதே ஜூலை பதினேழாந்தேதிதாம்மா."

"ஆடி முடியட்டும். ஆவணியில நானே கொண்டுவந்து விடுதேன்."

ஆவணியில் நான் போய் என்ன செய்ய? வேறொருத்தி நாற்காலிக்கு மாலை போடவா? கத்தினேன். அம்மா கத்தவில்லை. அவள் எப்போதும் தாழ்ந்த குரலில்தான் பேசுவாள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கத்துகிறவளோடு சண்டை போடலாம். முனகுகிறவளோடு என்ன செய்வது? "பைய பேசு, ஹால்ல கேக்கும்" என்பதுதான் பதில்.

ஜூன் 20, வியாழன்

அப்பாவுக்கு மறுபடியும் சந்திராஷ்டமமாம். போன வாரம்தானே வந்தது என்று அடுப்படியில் வைத்துக் கேட்டேன். "அது பாதி. இன்னைக்குத்தான் நெறைஞ்சு வருது" என்றாள். அப்பா கோவிலுக்குப் போய்விட்டார்.

பாதி சந்திராஷ்டமம், முழு சந்திராஷ்டமம். சொல்கிறவளுக்கும் புரியவில்லை, கேட்கிறவருக்கும் புரியவில்லை. காலண்டரைக்கூடச் சரியாக வாசிக்கத் தெரியாதவள் என் தலையெழுத்தை வாசிக்கிறாள்.

ஜூன் 22, சனி

மத்தியானம் ரசத்தில் உப்பு கூடிவிட்டது. அப்பா ஒரு வாய் வைத்தார். தட்டைக் கையில் தூக்கினார். பாப்பா தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டார். "பிள்ளை பயந்துரும்" என்றார். எவ்வளவு பக்குவம்.

அம்மா ஓடிவந்து இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டு போனாள். ரசத்துக்கு இவ்வளவு பதற்றமா? இதெல்லாம்தான் அவரைக் கெடுத்து வைத்திருக்கிறது.

ஜூன் 25, செவ்வாய்

அம்மா புளுகுகிறாள். சந்தேகமே இல்லை.

ஜூலை நாலாம் தேதி வியாழக்கிழமை காரோடு வருவதாக என் வீட்டுக்காரர் கதிரேசன் போனில் சொன்னார். வியாழனில் வடக்கே சூலமும் இல்லை, நானே பார்த்து வைத்திருந்தேன். அம்மா உடனே, "வேலுச்சாமி ஜோசியர்ட்ட கேட்டேன். ஆவணிக்கு முன்னால பிள்ளை ஊர் எல்லை தாண்டக் கூடாதுன்னுட்டாக" என்றாள். ஜோசியர் எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரர். அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டேன்.

"ஒங்கம்மாவா? அவளைப் பாத்தே ஒரு வருசம் இருக்கும்மா" என்றார்.

பெற்ற பெண்ணின் வேலையைக் கெடுப்பதற்கு இப்படியெல்லாம் பொய் சொல்வாளா ஒருத்தி? எனக்கு அழுகை வந்தது. அதையும் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டேதான் அழவேண்டியிருந்தது.

ஜூன் 27, வியாழன்

இன்றைக்கு ஒரு முடிவு கட்டிவிட்டேன்.

காலையில் அம்மா காலண்டரை வாசித்தாள். இன்றைக்கும் அப்பாவுக்குச் சந்திராஷ்டமமாம். அதோடு நிறுத்தவில்லை. "நாலாந்தேதியும் வருது. அன்னைக்குப் பிள்ளை படி எறங்குனா ஒங்களுக்குத்தான் ஆகாது" என்றாள். அப்பா முகம் சுண்டிவிட்டது.

"அப்பம் இருந்துட்டு ஆவணியில போயேம்மா" என்றார் என்னைப் பார்த்து.

எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து அப்பாவின் மடியில் வைத்தேன். "சந்திராஷ்டமம் ஒரு நட்சத்திரத்துக்கு மாசத்துல ஒரு தரம்தாம்பா வரும். மிஞ்சிப்போனா ரெண்டு நாள். சதயத்துக்குப் பதினாலாந்தேதி வந்துட்டு. இனி ஜூலையில நாலாந்தேதிக்கு அப்புறம்தான். அம்மா வாரா வாரம் வாசிக்கா" என்றேன். போனிலும் பஞ்சாங்கத்தைத் திறந்து பெரிய எழுத்தாக்கிக் காட்டினேன்.

"வாரா வாரமா?" என்றார் அப்பா.

"ஆமா. நான் வந்ததிலேருந்து பாக்கேன்."

அப்பா போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"சரி. படிச்சபிள்ளை சரியாத்தான் சொல்லும். நாலாந்தேதி கெளம்பு" என்றார் அப்பா.

ஜெயித்துவிட்டேன். மேனேஜருக்கு எட்டாம் தேதி வருகிறேன் என்று மெசேஜ் அனுப்பியாகிவிட்டது. அம்மா மட்டும் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பொய் அகப்பட்டால் அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 28, வெள்ளி

காலண்டர் வாசிக்கும் உத்தியோகம் எனக்கு வந்துவிட்டது. அப்பா என்னைத்தான் கூப்பிட்டார். வாசித்த பிறகு, போன மாதம் தன் நட்சத்திரத்துக்கு எப்போது வந்தது, அதற்கு முந்தின மாதம் எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். போனில் பார்த்துச் சொன்னேன். "இத்தனை நாளா என்னைய மடையனாக்கிக் கோவில்ல உக்கார வச்சிருக்கா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பாப்பாவுக்கு எடை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தேன். அடுப்படியில் அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தட்டு கை தவறி விழுந்துவிட்டதாம். தவறினால் சோறு தரையில் அல்லவா கிடக்கும்? சுவரில் என் தோள் உயரத்துக்குக் குழம்பு வடிந்துகொண்டிருந்தது. "என்னம்மா இது?" என்றேன். "ஒனக்கு முருங்கைக்கீரை வச்சிருக்கேன், சாப்பிடு" என்றாள்.

ஜூன் 29, சனி

அம்மாவுக்குப் பல்வலி. வலது கன்னம் வீங்கிச் சிவந்திருக்கிறது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பல் டாக்டரிடம் போ போ என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன். கிராம்பை நசுக்கி எடுத்துக்கொண்டு போய் வாயைத் திறக்கச் சொன்னேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். குழந்தைக்குச் செய்வது போலத் தாடையைப் பிடித்துத் திறந்தேன்.

அந்தப் பக்கம் கடைவாயில் பல்லே இல்லை. எப்போதோ பிடுங்கியது, ஈறு மழமழவென்று இருக்கிறது. கிராம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "வை, வை, வலிக்கி" என்றாள் அம்மா. வைத்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

நேற்று எழுதக் கை வராததை இன்று எழுதிவிடுகிறேன். அப்பா அம்மாவை அடித்திருக்கிறார். நேற்று மட்டும் அல்ல.

காலையில் நேராக ஹாலுக்குப் போய்க் கேட்டேன். "அம்மாவை அடிச்சீங்களா?" அப்பா பாப்பாவுக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார். "யாரு சொன்னா? அவகிட்டயே கேளு" என்றார். அம்மா அடுப்படி வாசலில் நின்று, "பல்வலின்னுதானட்டி சொன்னேன். ஏன் இப்படி ஊரைக் கூட்டுத?" என்றாள். அவளுக்காக நான் சண்டைக்குப் போகிறேன், அவள் எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறாள். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்பா கடைத்தெருவுக்குப் போன பிறகு, கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போய் உட்கார்ந்தேன். கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டு அவளே சொன்னாள்.

"ஒங்கப்பா சாமிக்குப் பயப்பட மாட்டாக, மனுசனுக்கும் பயப்பட மாட்டாக. கிரகத்துக்குப் பயப்படுவாக. நீ ஹாஸ்டலுக்குப் போன வருசம் ஒருநாள், நெசமாவே சந்திராஷ்டமம். கையை ஓங்கிட்டு வந்தவுக, நான் சொன்னதும் எறக்கிட்டாக. அதைப் பிடிச்சுக்கிட்டேன். மாசத்துல ஒருநாள் வந்ததை ரெண்டாக்கினேன். கடையை விட்டுட்டு வீட்டோட இருக்க ஆரம்பிச்சதும் வாரத்துக்கு ஒண்ணு வச்சேன். வாரத்துல ஒருநா மூச்சு விடணும்லா."

"என்னை ஏன் போக விடாம இழுத்தடிச்ச?"

"பிள்ளை இருக்கதுனாலதான் இந்த மூணு மாசம் தட்டு பறக்கல. கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு ஒன் பக்கத்துல நல்லாப் படுத்தேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமேன்னு ஆசைப்பட்டுட்டேன். ஒன் வேலையைக் கெடுத்திருக்கக் கூடாதுதான்."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காலண்டரைத் தொட்டிருப்பேனா? அதைக் கேட்டேன். "சொன்னா நீ ரெண்டு நாள் சண்டை போடுவ. பொறவு பஸ் ஏறிருவ. நான் எங்க ஏற?" என்றாள்.

அம்மாவிடம் இருந்தது ஒரே ஒரு ஆயுதம். நான் அதைப் பிடுங்கி, விவரம் சொல்லி, எழுத்தைப் பெரிதாக்கி, அப்பாவின் மடியிலேயே வைத்துவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

போலீஸுக்குப் போவோம் என்றேன். "ஒன் சோலியப் பாரு" என்றாள். என்னோடு வா என்றேன். "அவுக விடாம நான் வரமாட்டேன். சொல்லாம வந்தா பின்னாலயே வந்து நிப்பாக, ஒன் மாப்பிள்ளை முன்னால எனக்கு அசிங்கம்" என்றாள். சரி, நான் போகவில்லை, வேலை போனால் போகட்டும் என்றேன். "நீ இருந்தும் இனி பிரயோசனம் இல்ல. அவுகளுக்குத் தெரிஞ்சு போச்சு" என்றாள்.

எந்தக் கதவைத் தட்டினாலும் அம்மாவே உள்ளே இருந்து தாழ்ப்பாள் போடுகிறாள். பரிதாபம் ஒரு பக்கம், இவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஒரு பக்கம். கதிரேசனுக்குப் போன் செய்து அழுதேன். "அத்தையைக் கூட்டிட்டு வா. எப்படின்னு எனக்குத் தெரியல, ஆனா கூட்டிட்டு வா" என்றார்.

ஜூலை 2, செவ்வாய்

வேலுச்சாமி ஜோசியர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவே இல்லை. தெருவுக்கே தெரிந்திருக்கிறது. அப்பாவிடம் வந்து ஒரு பொய் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"சாஸ்திரத்துல இல்லாததைச் சொல்ல மாட்டேம்மா. ஒண்ணு வேணும்னா, ஒங்கப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே ராசி. கும்பம். சனி பிடிச்ச நேரத்துல ஏக ராசிக்காரங்க ஒரே கூரைக்குக் கீழ இருக்க வேண்டாம்னு ஒரு பேச்சு உண்டு."

"ஆம்பளைக்குத்தான் ஆபத்துன்னு சொல்லலாமா?"

"அப்படி எங்கயும் இல்ல."

"ஒங்கட்ட வந்து கேட்டா?"

"பேச்சு உண்டுங்கத மட்டும் சொல்லுவேன். அதுக்கு மேல கேட்டா வெத்தலை போட்டுக்கிடுவேன்" என்றார்.

ஜூலை 3, புதன்

காலையில் தாளைக் கிழித்து அப்பாவின் பக்கத்தில் போய் நின்றேன். ராகு காலம் வாசித்தேன். சூலம் வாசித்தேன். அம்மா அடுப்படி வாசலில் காபியோடு நின்றாள். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, ஒண்ணு சொன்னா பயப்பட மாட்டீங்களே?" என்று ஆரம்பித்தேன். ஏக ராசியைச் சொன்னேன். சனியைச் சொன்னேன். ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் ஆண் பிள்ளைக்கு நெஞ்சில் வந்து அடைக்கும் என்பதை நானாகச் சேர்த்தேன்.

அப்பாவின் கை சட்டைக்கு மேலே நெஞ்சைத் தடவியது. "இதை ஏன் இவ இத்தனை நாளாச் சொல்லல?"

இந்தக் கேள்வியை நான் யோசித்து வைக்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன். "அம்மாவுக்கு என்னப்பா தெரியும்? அவளுக்கு ஒழுங்கா வாசிக்கவே தெரியாது. அதான் வாரா வாரம் தப்புத் தப்பா வாசிச்சு ஒங்களைக் கோவில்ல உக்கார வச்சா. விவரம் கெட்டவ" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். அது அவருக்கு உடனே சரியாகப் பட்டது. "எதுவரைக்கும்?"

"சனிப்பெயர்ச்சி வரைக்கும். நான் பாத்துச் சொல்லுதேன்."

பத்து மணிக்கு ஜோசியர் வீட்டுக்குப் போனார். வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. தெருமுனை மெஸ்ஸில் மூன்று வேளைக்கும் சொல்லிவிட்டு வந்திருந்தார். "ஏளா வடிவு, நாளைக்குப் பிள்ளைகூடவே கெளம்பு. சொணங்காத" என்றார் அம்மாவிடம். பிறகு அம்மா இருந்த பக்கமே வரவில்லை. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவர் அவளைப் பார்த்துப் பயந்தார்.

அம்மா ஒரு பையில் நாலு சேலையை எடுத்து வைத்தாள். அவளிடமிருந்து நன்றியோ அழுகையோ ஒன்றும் இல்லை. "சனிப்பெயர்ச்சி எப்பம்னு சரியாப் பாத்து வச்சுக்கோ. தேதி கேப்பாக" என்றாள், அவ்வளவுதான்.

ஜூலை 4, வியாழன்

காரில் ராஜபாளையம் தாண்டுவதற்குள் ஏசியை நான்கு தடவை அணைக்கச் சொல்லிவிட்டாள். ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்க இறங்கியபோது, கதிரேசன் வாங்கிக் கொடுத்த டீயைப் பார்த்து, "இதுக்கு வெந்நீரே குடிக்கலாம்" என்றாள். மாப்பிள்ளை முன்னால் அசிங்கம் என்று சொன்னவள் இவள்தான்.

ஜூலை 8, திங்கள்

சேர்ந்துவிட்டேன். கிளை எனக்குத்தான்.

ஜூலை 9, செவ்வாய்

என் வீட்டில் எனக்கு உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இரண்டாம் நாள் வேலை முடித்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து கதவைத் திறந்தால் இது வேறு யார் வீடோ என்று இருக்கிறது. மிக்ஸி இடம் மாறியிருக்கிறது. ஓட்ஸ் டப்பாவில் உளுந்து இருக்கிறது. பாப்பா உச்சி முதல் பாதம் வரை எண்ணெயில் மின்னுகிறது. இதையெல்லாம் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். புதுப் பால்பவுடர் டின் குப்பைக்கூடையில் கிடந்ததுதான் தாங்கவில்லை.

"கெட்டுப்போச்சு, தேதி முடிஞ்சிட்டு" என்றாள் அம்மா.

"அது தயாரிச்ச தேதிம்மா. முடியிற தேதி கீழ போட்டிருக்கு. வாசிக்கத் தெரியாதா ஒனக்கு?"

அம்மா கையிலிருந்த கரண்டியை மேடையில் வைத்தாள்.

"யாருக்குட்டி வாசிக்கத் தெரியாது?"

குரல் கூடத்தைத் தாண்டிப் படிக்கட்டு வரைக்கும் போயிருக்கும். எதிர் வீட்டுக் கதவு திறந்து மூடியது. கதிரேசன் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். இந்தக் குரல் அம்மாவிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

"அன்னைக்கும் அவுக முன்னால இதைத்தான் சொன்ன. வாசிக்கத் தெரியாதவ, விவரம் கெட்டவ. வேற வழியில்லன்னு வாய மூடிட்டு நின்னேன். எட்டாங்கிளாஸ்ல தமிழ்ல நாந்தாம்ட்டி முதல் மார்க்கு. காலண்டர்ல இருக்கதை எந்தக் கழுதையும் வாசிக்கும். அதுல இல்லாததை, மூஞ்சி மாறாம, குரல் நடுங்காம, அந்த மனுசன் பக்கத்துல நின்னு வருசக்கணக்கா வாசிச்சவ நானு. நீ ஒருநாள் வாசிச்ச, ஒன் கை என்ன நடுக்கம் நடுங்குச்சுன்னு நான் பாத்தேன்ல?"

எனக்கும் கோபம் அடங்கவில்லை. டின்னைக் குப்பையிலிருந்து எடுத்துத் துடைத்தேன். கெடு முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. தேதியை அவள் முகத்துக்கு நேரே காட்டிவிடுவது என்று அடுப்படிக்குப் போனேன். அம்மா ஹாஸ்டலில் ஆரம்பித்து, கல்யாணத்துக்கு வந்து, மோருக்கும் புளிக்கும் நான் முறைத்ததைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கட்டும் என்று டின்னோடு வாசலிலேயே நின்றேன்.